விழுந்தாலும் காசு!

போன மாதம் பைக்காராவில் என் மச்சினன் மரம் ஏறினான்.

வயது இருபத்தொன்பது. கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். பெண் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்பேர்ப்பட்டவன், படகுத் துறைக்கு மேலே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு சீகை மரத்தில், புதுப் பேன்ட்டோடு, ஒரு கையில் கிளையும் இன்னொரு கையில் செல்போனுமாகத் தொத்திக்கொண்டிருந்தான். கீழே சின்னதாக ஒரு கூட்டம். வாட்ச்மேன் விசிலடித்து, "சார், இறங்குங்க! இறங்குங்க சார்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மேலே இவனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். போனைப் பார்த்து. "இறங்கு... இறங்கு... அம்மா தாயே, இறங்கித் தொலையேன்!"

விஷயம் இதுதான். அன்று காலை ஊட்டி லாட்ஜில் நாங்களெல்லாம் வெந்நீருக்கு முறை வைத்துக் காத்திருந்த நேரத்தில், இவன் 400 ஷேர் விற்றிருக்கிறான். ஒவ்வொன்றும் 512 ரூபாய். ஆக மொத்தம் 2,04,800 ரூபாய்.

'பேஷ், லாபத்தில் விற்றானா?' என்று கேட்பீர்கள். அந்த 400-ல் ஒன்றுகூட அவனிடம் கிடையாது!

இல்லாததை எப்படி விற்பது என்று தலையைச் சொறிகிறவர்களுக்காக ஒரு கேரட் கதை. நீங்கள் ஊட்டியில் இருக்கிறீர்கள். கையில் கேரட் கிடையாது. மேட்டுப்பாளையம் மண்டிக்காரர் ஒருவருக்குப் போன் போட்டு, 'அண்ணே, கிலோ 60 ரூபாய்க்குப் பத்து மூட்டை. சாயந்திரம் வந்து சேரும்' என்கிறீர்கள். மூட்டை 50 கிலோ. அவர் 30,000 ரூபாய்க்கு சரி என்கிறார். உங்கள் கணக்கு, மத்தியானத்துக்குள் விலை 50-க்கு இறங்கும், 25,000 கொடுத்து வாங்கி அனுப்பிவிட்டு 5,000-ஐப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்பது. கேரட் பயிரிடவில்லை, களை எடுக்கவில்லை, குளிரில் கழுவவில்லை. விலை விழுந்தது, காசு வந்தது.

ஆனால் கல்லாறு ரோட்டில் மண் சரிந்து, வரத்து நின்று, கேரட் 90 ஆகிவிட்டால்? சொன்ன சொல்லுக்கு 45,000 கொடுத்து வாங்கி அனுப்ப வேண்டும். 15,000 போச்சு. 120 ஆனால் 30,000. எங்கே நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஷேர் மார்க்கெட்டில் இதற்குப் பெயர் ஷார்ட் அடிப்பது. காலையில் விற்று, மூன்றரை மணிக்கு மார்க்கெட் மூடுவதற்குள் திரும்ப வாங்கிக் கணக்கை நேர் செய்துவிட வேண்டும். முழுப் பணமும் வேண்டாம், ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் புரோக்கர் அனுமதிப்பார். மச்சினன் கட்டியது 41,000 சொச்சம்.

"மாமா, உலகமே ஏறும்போதுதான் சம்பாதிக்கப் பார்க்குது. விழும்போது சம்பாதிக்கறவன்தான் கெட்டிக்காரன்" என்று வேனில் ஏறினதுமே ஆரம்பித்தான். "இப்ப போறோமே பைக்காரா, அங்கே என்ன பண்றாங்க? தண்ணி விழுது. கரண்ட் வருது. அதே லாஜிக்தான்!"

சும்மா சொல்லக்கூடாது, உதாரணம் நன்றாகத்தான் இருந்தது. சர் சி.பி. ராமசாமி அய்யர் சென்னை மாகாண நிர்வாக சபையில் இருந்தபோது பிடிவாதமாக நின்று கிளப்பிய திட்டம் அது. 1932-ல் பைக்காரா மின்சாரம் ஓடத் தொடங்கியது. ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் பிடித்து, மலை விளிம்பிலிருந்து மூவாயிரம் அடிக்கு மேல் கீழே சிங்காராவுக்கு விழவைத்தார்கள். அந்தக் கரண்டை நம்பித்தான் கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக முளைத்தது. மில் வந்ததால் பவுண்டரி, பவுண்டரி வந்ததால் மோட்டார், பம்ப்செட். மச்சினன் வாங்கும் சம்பளமே ஒரு வகையில் பைக்காராவில் விழுந்த தண்ணீர்தான்.

"ஒரே ஒரு வித்தியாசம் மாப்ளே" என்றேன். "பைக்காரா தண்ணி மத்தியானம் ரெண்டு மணிக்குத் திடீர்னு மனசு மாறி மேலே ஏறாது."

"ஜோக்கு!" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டிரைவர் சிரித்தார். குன்னூர்ப் பக்கத்துக்காரர். இரண்டு ஏக்கர் தேயிலைக் குடும்பம். "விலை விழுந்தா காசுங்களா? நல்ல கதை சார். 1998-ல பச்சை இலைக்கு நல்ல விலை. எங்கப்பா அதை நம்பிக் கடன் வாங்கி வீட்டுக்கு மாடி கட்டினார். ரெண்டே வருஷத்துல விலை அதலபாதாளம். எல்லாரும் ரோட்ல உக்காந்து போராட்டம் பண்ணோம். விலை விழுந்ததுல எனக்குக் கிடைச்சது இந்த ஸ்டீயரிங்தான்."

அதற்கு மச்சினனிடம் பதில் இல்லை. ஒன்பதாவது மைல் தாண்டியதும் போனில் கோடுகள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கியிருந்தன. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

இல்லாததை விற்கிற வித்தை இன்று நேற்று வந்ததில்லை. உலகத்தின் முதல் பெரிய பங்குக் கம்பெனி டச்சுக்காரர்களுடையது. 1602-ல் ஆரம்பித்தார்கள். (நம் பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டி உட்கார்ந்துகொண்ட அதே கம்பெனி.) அதில் முக்கியப் புள்ளியாக இருந்து, சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவர் ஐசக் லெ மெய்ர் என்கிற வியாபாரி. 1609-ல் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, கையில் இல்லாத டச்சுக் கம்பெனி ஷேர்களை விற்றுத் தள்ளினார். கூடவே கம்பெனியைப் பற்றி ஊர் முழுக்கக் கெட்ட செய்தி. விலை விழத்தான் விழுந்தது. கம்பெனி சும்மா இருக்குமா? அரசாங்கத்திடம் போய் அழுதது. 1610-ல், கையில் இல்லாத ஷேரை விற்கக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. லெ மெய்ர் கூட்டம் மாட்டிக்கொண்டு நஷ்டப்பட்டது. ஆக, ஷார்ட் அடிப்பதற்கும், அதற்குத் தடை போடுவதற்கும், ஷார்ட் அடித்தவர் அடிபடுவதற்கும் நானூறு வயசு.

நம்மூர்க் கதைக்கு வருவோம். 1982. கல்கத்தாவைச் சேர்ந்த கரடிக் கூட்டம் ஒன்று (விலை விழும் என்று பந்தயம் கட்டுபவர்கள் கரடிகள், ஏறும் என்பவர்கள் காளைகள்) ரிலையன்ஸ் ஷேர்களை இல்லாமலேயே விற்கத் தொடங்கியது. விற்க விற்க விலை சரியும், அடிமாட்டு விலைக்கு வாங்கி நேர் செய்யலாம் என்று திட்டம். ஆனால் யாரோ வாங்கிக்கொண்டே இருந்தார்கள். விற்றதையெல்லாம் வாங்கினார்கள். 'ரிலையன்ஸின் நண்பர்கள்' என்று பத்திரிகைகள் எழுதின. கடைசியில் அந்த நண்பர்கள், 'சரி, விற்றீர்களே, ஷேரைக் கொண்டாருங்கள்' என்று கையை நீட்டினார்கள். கரடிகள் விழித்தார்கள். மார்க்கெட்டில் ஷேர் இருந்தால்தானே! பம்பாய் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சையே மூன்று நாள் மூடிப் பஞ்சாயத்து செய்ய வேண்டியதாயிற்று. கரடிகள் கேட்ட விலை கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். திருபாய் அம்பானி என்கிற பெயரை ஊரெல்லாம் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

பத்து வருஷம் கழித்து கரடிகளுக்கு ஒரு நாள் விடிந்தது. 1992 ஏப்ரல் 22-ம் தேதி சென்செக்ஸ் 4,467. ஹர்ஷத் மேத்தா என்கிற பெரிய காளை, பாங்க் பணத்தைக் கொட்டி ஏற்றி வைத்திருந்த உச்சம். மறுநாள் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சுசேதா தலால் அந்தப் பாங்க் பணத்தின் கதையை எழுதினார். காளையின் மூக்கணாங்கயிறு அறுந்தது. ஓராண்டுக்குள் சென்செக்ஸ் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. அந்தச் சரிவில் ஷார்ட் அடித்து நல்ல பணம் பார்த்ததாக ராகேஷ் ஜுன்ஜுன்வாலாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மச்சினன் அடிக்கடி காட்டும் உதாரணமும் அவர்தான்.

ஆனால் ஒன்றை மச்சினன் சொல்வதில்லை. அந்தக் கரடிகள் 1991-லிருந்தே 'விழும், விழும்' என்று விற்றுக்கொண்டிருந்தவர்கள். விலையோ மாதக்கணக்கில் எதிர்ப்பக்கமாக ஏறிக்கொண்டே இருந்தது. கழுத்து வரை தண்ணீரில் நின்றார்கள். அந்தச் செய்தி இன்னும் கொஞ்ச நாள் தள்ளி வந்திருந்தால், இன்றைக்கு நாம் வேறு ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். விழும் என்பது தெரிந்தால் போதாது ஸார். என்றைக்கு விழும் என்பதும் தெரிய வேண்டும். அது வரைக்கும் தாக்குப்பிடிக்கப் பணமும் வேண்டும்.

ஜுன்ஜுன்வாலாகூடப் பெருஞ்செல்வம் சேர்த்தது ஷார்ட் அடித்தல்ல. வாங்கி, வருஷக்கணக்கில் வைத்திருந்து. 2022-ல் அவர் இறந்தபோது பத்திரிகைகள் எழுதியது அதைப் பற்றித்தான். அமெரிக்காவில் ஜெஸ்ஸி லிவர்மோர் என்று ஒருவர். 1929 மகா சரிவில் ஷார்ட் அடித்துப் பத்து கோடி டாலர் பார்த்தவர் என்பார்கள். ஐந்தே வருஷத்தில், 1934-ல், திவால். 1940-ல் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். அவருடைய முதல் பாதிக் கதையைத்தான் எல்லாரும் போஸ்டர் ஒட்டுகிறார்கள்.

*

பைக்காரா வந்து சேர்ந்தோம். மணி ஒன்றரை. போனில் கோடு ஒன்றுகூட இல்லை.

மாமியாருக்குப் படகில் போக ஆசை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு மோட்டார் போட்டில் உட்காரவைத்தோம். நடு ஏரியில் போனதும், "ஏனுங் மாப்பிள்ளை, என்ன இவ்வளவு பனி? எதிர்க்கரையே தெரியலையே" என்றார். எனக்கு எதிர்க்கரை பளிச்சென்று தெரிந்தது. நல்ல வெயில். மச்சினன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. போனை உயரத் தூக்கிப் பிடித்து, படகுக்குக் கொடி பிடிப்பவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். போட்காரர் இரண்டு முறை உட்காரச் சொன்னார்.

கரைக்கு வந்ததும்தான் மரம்.

உச்சிக் கிளையில் ஒரே ஒரு கோடு கிடைத்தது. அது கிடைக்காமலே இருந்திருக்கலாம். ஒரே ஒரு மெசேஜ் உள்ளே நுழைந்தது. அந்தக் கம்பெனிக்கு (பெயர் வேண்டாம்) மத்தியானம் பெரிய ஆர்டர் ஒன்று கிடைத்த செய்தி. விலை 548. அவ்வளவுதான், கோடு போய்விட்டது. வாங்கி முடித்துக்கொள்ளலாம் என்று பட்டனை அமுக்கினால், திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றுகிறது, சுற்றுகிறது, செக்கு மாடு மாதிரி.

கேரட் ரோட்டில் மண் சரிந்துவிட்டது.

"ஸ்டாப் லாஸ் போட்டிருந்தியா?" என்று கீழேயிருந்து கேட்டேன். இந்த விலைக்கு மேல் போனால் தானாக வாங்கி முடித்துவிடு என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஏற்பாடு அது. ஷார்ட் அடிக்கிறவனுக்குக் குடை மாதிரி.

மரத்திலிருந்து பதில் வரவில்லை. நல்ல குடைதான், லாட்ஜிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

குடை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. விலை விழுந்தால் காசு பார்க்க ஷார்ட்டைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. 'புட் ஆப்ஷன்' என்பார்கள். இது குடை வாடகை. ஊட்டியில் காலையில் ஐம்பது ரூபாய்க்குக் குடை வாடகை எடுக்கிறீர்கள். கொட்டினால், நனைந்துகொண்டிருக்கிற ஒருவருக்கு இருநூறுக்குத் தள்ளிவிடலாம். பெய்யாவிட்டால் ஐம்பது ரூபாய் மட்டும் நஷ்டம், அதற்கு மேல் போகாது. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாயந்திரம் குடையைத் திருப்பித் தரவேண்டும். மழை ஏழு மணிக்கு மேல் பெய்தால் பிரயோஜனமில்லை. தினமும் ஐம்பது ஐம்பதாகக் கொடுத்துக்கொண்டிருப்பவர் நீங்கள். குடைக் கடைக்காரர் மாடி கட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் சொல்லவில்லை, செபி சொல்கிறது. பங்குச் சந்தைக்குப் போலீஸ்காரர் மாதிரி உள்ள அமைப்பு. 2024 செப்டம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இந்த ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஆட்டத்தில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அதில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். தலைக்கு சராசரி சுமார் 2 லட்சம். கூட்டினால் 1.8 லட்சம் கோடிக்கு மேல்! 2023-24-ல் ஆடியவர்களில் 43 சதவீதம் முப்பது வயசுக்கு உட்பட்டவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு மேல் வருஷ வருமானமே 5 லட்சத்துக்குக் கீழே என்று காட்டியவர்கள். நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கு மேல் மறுபடியும் போய் உட்கார்ந்தார்கள் என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

மச்சினன் ஆடியது அதுகூட இல்லை. அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கிற (அல்லது விற்று வாங்குகிற) இன்ட்ராடே. அதற்கும் தனிக் கணக்கு இருக்கிறது. 2022-23-ல் பத்துப் பேரில் ஏழு பேருக்கு நஷ்டம். இதில் வருமான வரிக் கூத்து வேறு. இன்ட்ராடே லாப நஷ்டத்தைச் சூதாட்ட வியாபாரக் கணக்கில்தான் காட்ட வேண்டும். நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. அதே மாதிரி வேறு லாபம் வந்தால் மட்டும், நாலு வருஷத்துக்குள் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரர்கள் சுலபமாகப் போடும் ஒரு பக்க ரிட்டர்னும் செல்லாது. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிற மச்சினன் இதைத் தெரிந்துகொண்டது, பிற்பாடு.

*

மரத்திலிருந்து அவனை இறக்கி, டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தோம். கண் போனிலேயே இருந்தது. பேச்சை மாற்றலாம் என்று கூடலூர் ரோட்டைக் காட்டி, "அந்தப் பக்கம் என்ன இருக்கு தெரியுமா மாப்ளே?" என்றேன்.

"என்ன?"

"தங்கம்."

அப்போதுதான் தலையைத் தூக்கினான்.

பொய்யில்லை. பைக்காராவிலிருந்து நடுவட்டம் தாண்டி இறங்கினால் கூடலூர். அதற்கப்பால் தேவாலா, பந்தலூர். 1870-களில் அங்கே வெள்ளைக்காரத் துரைகளின் காப்பி எஸ்டேட்டுகள். இலை நோயும் தண்டு துளைப்பான் பூச்சியும் வந்து காப்பி செத்துக்கொண்டிருந்தது. எஸ்டேட்டைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. அந்த நேரத்தில், அந்த மண்ணில் தங்கம் இருப்பதாகப் பேச்சு கிளம்பியது. ஆஸ்திரேலியாவிலிருந்து பிரௌ ஸ்மித் என்கிற நிபுணரை 1879-ல் அரசாங்கமே அழைத்து வந்தது. சுற்றிப் பார்த்து, 1880-ல் நம்பிக்கையாக ரிப்போர்ட் கொடுத்தார்.

அவ்வளவுதான், லண்டனுக்குப் பேய் பிடித்தது. டஜன் கணக்கில் கம்பெனிகள். பந்தலூர் எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்டத் தெரியாதவர்கள்கூட அடித்துப் பிடித்து ஷேர் வாங்கினார்கள். கம்பெனி என்றால் நிலம் வேண்டுமே! செத்த காப்பித் தோட்டங்களைத் தங்க வயல் விலைக்கு வாங்கினார்கள். துரைமார்கள் வாயை மூடிக்கொண்டு விற்றார்கள். இயந்திரங்கள் கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் மலை ஏறின. பாறையை இடித்துப் பார்த்தால் தங்கம் இருந்தது. ஆனால் இடிக்கிற கூலிக்குக் கட்டவில்லை. 1882-83-க்குள் ஷேரெல்லாம் காகிதம். இயந்திரங்கள் காட்டிலேயே துருப்பிடித்தன.

அந்தச் சரிவில் காசு பார்த்தது யார்? ஷார்ட் அடித்தவர்கள் அல்ல. சரிவதற்கு முன்னாலேயே நிலத்தை விற்றுவிட்டுப் போனவர்கள்தான்.

"அப்ப விழும்போது வாங்கினவங்க?" என்றான் மச்சினன். நல்ல கேள்வி. ஆளுக்கு இன்னும் புத்தி வேலை செய்கிறது.

இதில்தான் வேடிக்கை. அதே 1880-ல், அதே லண்டன் பைத்தியத்தில் பிறந்த இன்னொரு கம்பெனி, கோலாரில் தோண்டிய மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி. அதுவும் விழுந்தது. ஒரு பவுன் ஷேர் சில்லறைக் காசுக்கு வந்தது. மூடிவிடலாமா என்று கூட்டம் போட்டார்கள். ஜான் டெய்லர் கம்பெனிக்காரர்கள், 'மிச்சமிருக்கிற பணத்தையும் போட்டு இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்' என்றார்கள். தோண்டினார்கள். சாம்பியன் ரீஃப் என்கிற தங்கப் படிவம் அகப்பட்டது. கோலார் தங்க வயல் 2001 வரை ஓடியது. நம் வடார்க்காட்டு ஜனங்கள் எத்தனையோ தலைமுறை அங்கே போய் உழைத்தார்கள்.

விழுந்தபோது கோலார் ஷேர் வாங்கியவன் கோடீஸ்வரன். அதே வாரம், அதே தைரியத்தில், பந்தலூர் ஷேர் வாங்கியவன் ஆண்டி. இரண்டும் விழுந்துதான் கிடந்தன. பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருந்தன.

அதனால்தான் சாதாரணச் சம்பளக்காரர்கள் தனி ஷேரை விட்டுவிட்டு, ஐம்பது கம்பெனியையும் சேர்த்து வாங்குகிற இண்டெக்ஸ் ஃபண்டில், மாசம் இவ்வளவு என்று போட்டுவிட்டுப் போவது. அதில் பந்தலூரும் இருக்கும், கோலாரும் இருக்கும். 2020 மார்ச் 23-ம் தேதி, கொரோனா ஊரடங்குக்கு முதல் நாள், சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளி விழுந்து 25,981-ல் நின்றது. அன்றைக்கு எங்கள் ஆபீசில் ஒருவர், போட்டதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். இன்னொருவர் பாஸ்வேர்டு மறந்துபோய், ஊரடங்கில் பாங்குக்கும் போக முடியாமல், மாசாமாசம் தானாகப் பிடித்தத்தில் போய்க்கொண்டே இருந்தது. அந்த வருஷக் கடைசியில் சென்செக்ஸ் 47,000-ஐத் தாண்டிவிட்டது. விழும்போது காசு பண்ணினவர்களில் நான் நேரில் பார்த்த ஒரே மனுஷர், பாஸ்வேர்டு மறந்தவர்தான். (விழுந்தது எப்போதும் இப்படி ஒன்பது மாதத்தில் எழுந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 1992 உச்சத்தில் வாங்கிவிட்டு ஏழெட்டு வருஷம் 'எழுந்திரு, எழுந்திரு' என்று காத்திருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.)

"இதெல்லாம் மெதுவா வர்ற காசு மாமா" என்றான்.

மெதுவாக வருகிற காசு. உண்மைதான். அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. பெண் வீட்டில் சம்பளம் கேட்கும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

*

மூன்றே முக்காலுக்கு வேன் திரும்பியது. ஒன்பதாவது மைல் நெருங்க நெருங்க, போனில் ஒரு கோடு, இரண்டு கோடு... டிங், டிங், டிங் என்று மெசேஜாகக் கொட்டியது. மூன்று இருபதுக்கு, வழக்கப்படி புரோக்கரே வாங்கிக் கணக்கை முடித்துவிட்டார். 571 ரூபாய்.

512-க்கு விற்று 571-க்கு வாங்கினால் ஒரு ஷேருக்கு 59 ரூபாய். நானூறால் பெருக்கினால் 23,600. கமிஷன் தனி.

இன்னொரு மெசேஜும் இருந்தது. அன்று சென்செக்ஸ் 400 புள்ளிக்கு மேல் இறக்கம்! காலையில் இவன் சொன்னது அப்படியே பலித்திருக்கிறது. மார்க்கெட் விழுந்தது. ஊரே விழுந்தது. இவன் விற்ற ஒரே ஒரு ஷேர் மட்டும் ஏறியிருக்கிறது.

டிரைவர் டீ குடிக்க வண்டியை ஓரம் கட்டினார். பெண்கள் புல்மேட்டில் போட்டோ எடுக்கப் போனார்கள். மச்சினன் இறங்கவில்லை. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"சேமிப்பா?" என்றேன் கொஞ்ச நேரம் கழித்து.

தலையை ஆட்டினான். இல்லை என்று.

"கடனா?"

"அதுவும் இல்ல மாமா." குரல் கீழே போய்விட்டது. "அம்மா கண் ஆபரேஷனுக்குன்னு நாப்பத்தஞ்சு எடுத்து வெச்சிருந்தேன். அடுத்த மாசந்தானே, அதுக்குள்ள அதை அறுபதாக்கினா நல்ல லென்ஸா வெச்சுடலாம்னு..."

அதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். என் மனைவி தம்பியின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்பாள். கேட்டாள்.

மறுநாள் காலை என் இண்டெக்ஸ் ஃபண்டிலிருந்து இருபத்தைந்தாயிரம் எடுத்தேன். முந்தின நாள் இறக்கத்தில் அதுவும் இறங்கித்தான் இருந்தது. மச்சினன் மாசம் இரண்டாயிரமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். மரத்தில் கிழிந்த பேன்ட்டையும் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. போனில் இருந்த அந்த ஆப்பை அழித்துவிட்டதாகச் சொல்கிறான். நான் பார்க்கவில்லை.

வேன் ஊட்டிக்குள் நுழையும்போது மாமியார் மறுபடியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கண்ணு, அந்த ஜன்னலைச் சாத்து. பனி உள்ளே வருது பாரு" என்றார்.

வெளியே வெயில். மச்சினன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான்.